பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி மீட்டர வெச்சுப் பாருங்க: வண்டி கேள்வி பதில்

போன இதழ்ல பேட்டரி டெர்மினல் சுத்தம் பண்றத பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விய எல்லாம் பாத்தா சுத்தி சுத்தி ஒரே எடத்துலதான் வந்து நிக்குது: என் பைக்ல சார்ஜிங் வோல்டேஜ் இவ்ளோ காட்டுது, இது நார்மலா? அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: என்னோடது 150 சிசி பைக், அஞ்சு வருஷம் ஆச்சு. 14 மாசத்துல ரெண்டு பேட்டரி போயிடுச்சு, இப்ப மூணாவது வாங்க சொல்றாரு மெக்கானிக். எனக்கு வேலை பெங்களூர்ல, வண்டி ஊர்லயே நிக்கும், மாசத்துக்கு ரெண்டு தடவை வந்து ஓட்டுவேன். திருட்டு பயத்துல ஜிபிஎஸ் டிராக்கர் ஒண்ணு மாட்டியிருக்கேன். ஒரு மல்டிமீட்டர் வாங்கி வெச்சுப் பாத்தேன், வந்த அன்னைக்கு ஆஃப்ல 11.9, ஸ்டார்ட் பண்ணா 13.9. ஒரு நாள் முழுக்க ஓட்டிட்டு மறுநாள் காலைல பாத்தா 12.6. இதுல எது சரியான ரீடிங், எனக்கு சார்ஜிங் பிரச்சனையா பேட்டரி பிரச்சனையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல்ல ஒரு நல்ல விஷயம், மூணாவது பேட்டரி வாங்காம மீட்டர் வாங்கினீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. பதில் உங்க மூணு நம்பர்லயே இருக்கு, ஆனா அத படிக்க தெரியணும்.

மீட்டர டிசி வோல்ட் 20ங்கற எடத்துல வெச்சு, சிவப்பு பிளஸ்ல, கருப்பு மைனஸ்ல. போல்ட்டு மேலயோ கிளாம்ப் மேலயோ வைக்காம பேட்டரியோட ஈய டெர்மினல்லயே முனைய அழுத்தி வைங்க, போல்ட்டு துரு புடிச்சிருந்தா அது தனியா கொஞ்சம் வோல்ட்ட சாப்ட்டுடும். முதல் ரீடிங்க ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல சாவி போடாம எடுக்கணும். ஓட்டிட்டு வந்த உடனே எடுத்தா 13 காட்டும், பாத்து ஏமாறாதீங்க, பிளேட்டோட மேல்பரப்புல மட்டும் நிக்கிற சார்ஜ் அது, ஹெட்லைட்ட ஒரு நிமிஷம் எரியவிட்டு அணைச்சு பாத்தீங்கன்னா கரைஞ்சிடும். நின்ன வண்டில 12.6லருந்து 12.8 வந்தா பேட்டரி நெறஞ்சிருக்குன்னு அர்த்தம், 12.4 கிட்டத்தட்ட முக்கா, 12.2 பாதி, 12.0னா கால்வாசிதான் இருக்கு, 11.8க்கு கீழ போச்சுன்னா காலின்னே வெச்சுக்கலாம். 12க்கும் 12.6க்கும் நடுவுல பாயிண்ட் ஆறு வோல்ட்தானேன்னு நெனப்போம், அந்த பாயிண்ட் ஆறுலதான் பேட்டரியோட உசுரே இருக்கு.

அடுத்தது செல்ப் அழுத்துற அந்த ரெண்டு செகண்டு. அப்ப மீட்டர யாராவது பாத்துக்கிட்டு இருக்கணும். 10 வோல்ட்டுக்கு மேல நின்னா நல்ல பேட்டரி. நின்ன வண்டில 12.6 காட்டிட்டு செல்ப் அழுத்துனதும் 9க்கு கீழ விழுந்து எந்திரிக்குதுன்னா உள்ள பலம் இல்ல, வெறும் நம்பர் மட்டும்தான் இருக்குது. ரொம்ப பேர் விடுற டெஸ்ட் இதுதான்.

அதுக்கப்புறம்தான் சார்ஜிங். ஐடில்ல 13லருந்து 13.5 சுமார் வரும், வண்டிக்கு வண்டி மாறும், ஐடில் ரீடிங்க வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. ஆக்சிலேட்டர மெதுவா ஏத்தி 4000, 5000 ஆர்பிஎம்ல ஒரு அஞ்சு செகண்டு புடிங்க. 13.8லருந்து 14.5க்குள்ள வந்து அங்கயே ஆடாம நின்னா உங்க காயில் பிளேட் (இன்ஜினுக்குள்ள கரண்ட் தயாரிக்கிறது), ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், அந்த ஏசி கரண்ட்ட டிசியாக்கி வோல்டேஜ அடக்குறது), வயரிங் எல்லாம் வேலை செய்யுது. முறுக்க முறுக்க ஏறிக்கிட்டே போகக்கூடாது, அந்த நிக்கிற எடம்தான் ரெகுலேட்டரோட வேலை. கடைசியா ஹெட்லைட் ஹை பீம், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாத்தையும் போட்டு திரும்ப அதே ஆர்பிஎம்ல பாருங்க, 13.5க்கு மேல நின்னா போதும்.

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். ஓடும்போது 13.9, ஓட்டிட்டு மறுநாள் 12.6, அப்படின்னா சார்ஜ் ஏறுது, பேட்டரியும் அத ஒரு ராத்திரி புடிச்சு வெச்சிருக்கு. ஆனா ரெண்டு வாரம் நின்னா 11.9. நிக்கும்போது எதுவோ குடிக்குது, எனக்கு அந்த டிராக்கர் மேலதான் கண்ணு. ஒரு டிராக்கர் சராசரியா 30 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்குவோம், ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 0.72 ஆம்பியர் அவர் ஆச்சு. உங்க பேட்டரி 5 ஏஎச்சா (ஆம்பியர் அவர்) இருந்தா ஒரே வாரத்துல தரை தட்டிடும். அப்படி காலியா நின்னுச்சுன்னா உள்ள பிளேட்டுல ஈய சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும், அதுக்கப்புறம் எவ்ளோ சார்ஜ் போட்டாலும் முழுசா திரும்பாது. உங்க ரெண்டு பேட்டரியும் செத்தது இப்படித்தான்.

நிச்சயம் பண்ணிக்க ஒரு வழி இருக்கு. சாவிய எடுத்துட்டு, மைனஸ் கேபிள கழட்டி, மீட்டரோட சிவப்பு வயர 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, கழட்டுன கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மீட்டர புடிங்க. சில மில்லி ஆம்பியர் காட்டுனா அது கடிகாரம், ஈசியு (இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) நினைவு மாதிரி விஷயம், விட்டுடலாம். 20, 30 மில்லி ஆம்பியர், அதாவது டிஸ்ப்ளேல 0.02, 0.03ன்னு காட்டுனா டிராக்கரோட கப்ளர (வயர்கள் சேர்ற பிளாஸ்டிக் இணைப்பு) புடுங்கிட்டு மறுபடி பாருங்க, எது புடுங்கினா நம்பர் விழுதோ அதுதான் ஆளு. இந்த நிலைல மட்டும் சாவி போடாதீங்க, செல்ப தொடவே தொடாதீங்க, மீட்டர் ப்யூஸ் போயிடும். முடிச்சதும் மறக்காம சிவப்பு வயர வோல்ட் ஓட்டைக்கு மாத்திடுங்க, ஆம்பியர் ஓட்டைல வெச்சுக்கிட்டே அடுத்த தடவை பேட்டரி ரெண்டு முனைலயும் வெச்சீங்கன்னா அது நேரா ஷார்ட், கைல தீப்பொறி பறக்கும்.

டிராக்கர கழட்ட மனசு இல்லேன்னா, பெங்களூருக்கு கெளம்பும்போது வீட்ல இருக்குறவங்கள ஒரு சின்ன மெயின்டனன்ஸ் சார்ஜர மாட்டிவிட சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஐடில்ல விட சொல்றது வேணாம், செல்ப் எடுத்த சார்ஜ்கூட அதுல திரும்ப வராது.

கேள்வி: பேட்டரி மேல 12 வோல்ட்னுதான் போட்டிருக்கு, ஆனா வண்டி ஓடும்போது 14.3 வருது. இவ்ளோ அதிகமா போனா பேட்டரி கெட்டுப்போகாதா? என் தம்பி பயமுறுத்துறான்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தம்பிய பயப்பட வேணாம்னு சொல்லுங்க, 14.3 அருமையான நம்பர். 12 வோல்ட்ங்கறது பேர் மட்டும்தான், உள்ள ஆறு செல் இருக்கு, ஒவ்வொண்ணும் நெறஞ்சா சுமார் 2.1 வோல்ட், ஆக 12.6. தண்ணி டேங்குக்கு ஏறணும்னா மோட்டார் அழுத்தம் டேங்க் உயரத்த விட கூட இருக்கணும் இல்லையா, அதே கணக்குதான், 12.6 இருக்குற பேட்டரிக்குள்ள கரண்ட்ட தள்ளணும்னா வெளிய அத விட கூட இருக்கணும். ஆனா ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட் சுமார் வந்துட்டா உள்ள இருக்குற தண்ணி ஹைட்ரஜன், ஆக்சிஜனா பிரிய ஆரம்பிக்கும், ஆறு செல்லுக்கு அது 14.4. அதனாலதான் ரெகுலேட்டர் எல்லாம் 14லருந்து 14.5 பக்கமா நிறுத்துற மாதிரி செய்யுறாங்க, அதுக்கு கீழ நிறுத்துனா முழுசா ஏறாது, மேல போனா கொதிக்கும். 1859ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளாண்டே செஞ்ச ஈயமும் ஆசிட்டும் சேர்ந்த அதே சங்கதிதான் இன்னைக்கும் நம்ம சீட்டுக்கு அடில உக்காந்திருக்கு, அதோட கெமிஸ்ட்ரி மாறல, அதனால இந்த நம்பரும் மாறல.

கேள்வி: எட்டு வருஷ வண்டி. ஆக்சிலேட்டர் முறுக்கினாலும் 12.3லயே நிக்குது, ஏறவே மாட்டேங்குது, லைட் போட்டா 12க்கு கீழ வருது. ஆர்ஆர் யூனிட் போயிடுச்சுன்னு சொல்லி புதுசு மாத்தினாங்க, அப்பவும் அதே 12.3. இப்ப காயில் மாத்தணும்ங்கறாங்க, இன்ஜின் சைடு கவர் கழட்டணும்னு பெரிய தொகை சொல்றாங்க. மாத்தலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இருங்க, கவர் கழட்ட விடாதீங்க. ஒண்ணு மாத்தி பாத்து சரியாகலேன்னு அடுத்தத மாத்துறது ரிப்பேர் கெடையாது, உங்க காச வெச்சு சீட்டு குலுக்குறது. காயில் நல்லா இருக்கா இல்லையான்னு கவர கழட்டாமலே பத்து நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம்.

காயில் பிளேட்லருந்து வர்ற வயர் ஒரு கப்ளர் வழியா ஆர்ஆர் யூனிட்டுக்கு போகும், பெரும்பாலும் ஒரே கலர்ல மூணு வயர், நெறைய வண்டில மஞ்சள். அந்த கப்ளர கழட்டுங்க. கழட்டும்போதே கண்ணால பாருங்க, இது ரொம்ப முக்கியம், அதுவும் உங்க ஊருக்கு. உப்புக் காத்துல பித்தளை பின்னுல பச்சையா பூத்துடும், பிளாஸ்டிக் பழுப்பாகி உருகின மாதிரி இருக்கும். எனக்கு தெரிஞ்சு கடலோர ஊர் வண்டிகள்ல சார்ஜிங் கம்ப்ளைண்ட்னு வர்றதுல காயிலையும் ஆர்ஆரையும் விட இந்த கப்ளர்தான் அதிகமா மாட்டும். ஏன்னா அந்த எடத்துல ஓடுறது 10 ஆம்பியருக்கு மேல, பின்னுல வெறும் 0.1 ஓம் தடை வந்துட்டா அங்கயே 1 வோல்ட் போயிடும், அதோட 10 வாட் சூடு ஒரு அரிசி சைஸ் பின்னுல எறங்கும், சூட்டுல பின்னு லூசாகும், லூசானா இன்னும் சூடாகும், அப்படியே கருகிப்போகும்.

கப்ளர் சுத்தமா இருக்குன்னா மீட்டர ஓம்ஸ்ல ரொம்ப கம்மி ரேஞ்ச்ல வெச்சு மூணு வயர ரெண்டு ரெண்டா பாருங்க, மூணு ஜோடி வரும். ஒவ்வொண்ணும் ஒரு ஓமுக்குள்ள, மூணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கணும். மீட்டர் வயர் ரெண்டையும் ஒண்ணா தொட்டு பாத்தா ஒரு நம்பர் வரும்ல, அத கழிச்சுக்கணும். அடுத்து ஒரு முனைய இன்ஜின் பாடில, இன்னொரு முனைய அந்த மூணு வயர்ல ஒவ்வொண்ணா வைங்க, எதுவுமே காட்டக்கூடாது, ஏதாவது ஓம் காட்டுனா காயில் பாடிக்கு ஷார்ட் ஆயிருக்கு, அப்பதான் காயிலுக்கு வேலை.

இந்த ரெண்டுலயும் பாஸாகி சூடானதும் மட்டும் போற காயிலும் உண்டு, அதனால கடைசி டெஸ்ட்ட விட்டுடாதீங்க. மீட்டர ஏசி வோல்ட்டுக்கு மாத்தி, கப்ளர் கழண்ட நிலைலயே இன்ஜின ஸ்டார்ட் பண்ணி மூணு ஜோடியயும் பாருங்க. ஆர்பிஎம் ஏற ஏற நம்பரும் ஏறணும், ஐடில்ல 15, 20 பக்கம் வர்றது 5000ல 50, 60ன்னு போகும். எண்ணு வண்டிக்கு வண்டி வேறுபடும், ஆனா மூணு ஜோடியும் ஒண்ணுக்கொண்ணு சமமா வரணும், ஒரு ஜோடி மட்டும் பாதில நின்னுச்சுன்னா காயில் போச்சு. வயர கையால தொடாதீங்க, 60 வோல்ட் ஏசி நல்லாவே உதறும். இன்ஜின் நல்லா சூடானப்புறம் இன்னொரு தடவை பாத்துடுங்க.

காயில் பாஸ், ஆர்ஆர் புதுசு, ஆனாலும் 12.3ன்னா நடுவுல இருக்குற ரோட்டுலதான் பள்ளம். கப்ளர மாட்டி, வண்டிய ஓடவிட்டு லைட் போட்டு, மீட்டர டிசில வெச்சு சிவப்பு முனைய ஆர்ஆர் யூனிட்டோட பிளஸ் வயர் வெளிய வர்ற எடத்துலயும் கருப்பு முனைய பேட்டரி பிளஸ்லயும் வைங்க. ரெண்டுமே பிளஸ்தான், 0.2, 0.3க்குள்ள காட்டணும். 1 வோல்ட்டுக்கு மேல காட்டுனா ப்யூஸ் ஹோல்டர், கப்ளர், வயர் இதுல எங்கயோ அரிச்சிருக்கு. இதே மாதிரி ஆர்ஆரோட எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் பாருங்க. எர்த் போல்ட்டுக்கு அடில பெயிண்டோ துருவோ இருக்குறது ரொம்ப சாதாரணமா நடக்குற விஷயம், உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்குனா வண்டி மறுபடி 14க்கு வந்துடும். உங்க வண்டிக்கும் அப்படியே முடியணும்னு மனசார ஆசைப்படுறேன். சுத்தம் பண்ண பின்னுக்கு கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வெச்சு மூடிடுங்க, கடல் பக்கம் இருக்குறவங்க எல்லாருமே வருஷத்துக்கு ஒரு தடவை இத செய்யுறது நல்லது.

கேள்வி: வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே பேட்டரி வயர புடுங்கி பாத்தா, இன்ஜின் ஆஃப் ஆகலேன்னா சார்ஜிங் நல்லா இருக்குன்னு எங்க ஏரியா அண்ணன் சொன்னாரு. நானும் செஞ்சு பாக்கலாமா? என்னோடது பிஎஸ்6 வண்டி.
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, தயவு செஞ்சு பண்ணாத. அந்த அண்ணன் கெட்ட எண்ணத்துல சொல்லல, அவரு கத்துக்கிட்ட காலத்து வண்டில இக்னிஷனுக்கு காயில்லருந்தே தனியா கரண்ட் போகும், பேட்டரி இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும், அதனால அவருக்கு எதுவும் ஆகல. பேட்டரிங்கறது கரண்ட் சேத்து வைக்கிற டப்பா மட்டும் இல்ல, வோல்டேஜ் துள்ளும்போது அத உள்வாங்கி அமுக்குறதும் அதுதான். ஓடும்போது அத புடுங்கினா ரெகுலேட்டர் சுதாரிக்கிறதுக்குள்ள ஒரு துள்ளு துள்ளும், அந்த துள்ளு நேரா ஈசியுவுக்கும் டிஜிட்டல் மீட்டருக்கும் எல்இடி ஹெட்லைட்டுக்கும் போகும். 2020 ஏப்ரல்லருந்து வந்த பிஎஸ்6 பைக்குல அனேகமா எல்லாமே பெட்ரோல் இஞ்செக்‌ஷன், ஈசியு போச்சுன்னா அதோட வில எத்தனை பேட்டரி வாங்கலாம்னு கடைல கேட்டுப் பாரு. அதுவும் போக, இன்ஜின் ஆஃப் ஆகலேன்னா கரண்ட் ஏதோ வருதுன்னுதான் தெரியும், வர்றது 13ஆ 14ஆ 16ஆன்னு தெரியாது. நமக்கு தெரிய வேண்டியது அந்த நம்பர்தான்.

கேள்வி: முறுக்கினா 15.8 வரைக்கும் போகுது. ஹெட்லைட் பல்பு மூணு மாசத்துல ரெண்டு போச்சு. பேட்டரி பக்கம் ஒரு மாதிரி அழுகின முட்டை நாத்தம் வருது. ஓட்டலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஓட்டாதீங்க, முடிஞ்சவரை இன்னைக்கே நிறுத்துங்க. 15க்கு மேல போறதுன்னா ரெகுலேட்டர் நிறுத்துற வேலைய செய்யல. பேட்டரி கொதிச்சு உள்ள தண்ணி ஆவியாகி போய்க்கிட்டு இருக்கு, வெளிய வர்ற வாயுல ஹைட்ரஜன் உண்டு, பக்கத்துல பீடி, தீக்குச்சி, டெர்மினல்ல ஸ்பானர் தட்டி வர்ற பொறி எதுவும் ஆகாது. மூடி கழட்டுற டைப் பேட்டரின்னா ஒவ்வொரு செல்லுலயும் மட்டம் பாருங்க, கொறஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்தணும், ஆசிட் ஊத்தவே கூடாது, போனது தண்ணிதான், ஆசிட் உள்ளயேதான் இருக்கு. சீல் பண்ண பேட்டரியா இருந்து பக்கவாட்டுல உப்பியிருந்தா அத திரும்ப வண்டில மாட்டாதீங்க.

ஆர்ஆர் யூனிட் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். உங்க மல்டிமீட்டர்ல பேட்டரி சின்னம் மினுக்குதான்னு பாருங்க, மீட்டருக்குள்ள இருக்குற பேட்டரி எறங்கிட்டா அது எல்லாத்தையும் கூட்டிக் காட்டும். புது பென்டார்ச் செல் ஒண்ண வெச்சு பாத்தா 1.5, 1.6க்குள்ள காட்டணும், 1.9ன்னு காட்டுனா மீட்டர்தான் பொய் சொல்லுது. ஆனா உங்களுக்கு பல்பும் போகுது நாத்தமும் வருதுன்னா மீட்டர் உண்மையத்தான் சொல்லுதுன்னு எனக்கு படுது. ரெண்டாவது, ஆர்ஆர் யூனிட்டோட எர்த்தையும், உங்க வண்டில வோல்டேஜ் பாக்குறதுக்குன்னு தனி வயர் இருந்தா அதையும் பாருங்க. அந்த வயர்ல அரிப்பு இருந்தா ஆர்ஆர் யூனிட்டுக்கு பேட்டரி காலியா இருக்குற மாதிரி தெரியும், பாவம் அது இன்னும் இன்னும்னு தள்ளிக்கிட்டே இருக்கும். ரெண்டும் சரின்னா யூனிட்ட மாத்துங்க, மாத்துனதும் திரும்ப 5000ல மீட்டர் வெச்சு 14.5க்குள்ள நிக்குதான்னு கடைலயே பாத்துட்டு காசு குடுங்க.

கேள்வி: அப்பாவோட பழைய 100 சிசி வண்டி. சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்கிடுது, முறுக்கினா பளிச்னு எரியுது. சார்ஜிங் வீக்கா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லீங்க. அந்த கால சின்ன வண்டிகள்ல ஹெட்லைட்டுக்கு பேட்டரிலருந்து கரண்ட் போகாது, மேக்னட் காயில்லருந்து நேரா ஏசிதான் போகும், இன்ஜின் மெதுவா சுத்துனா லைட்டும் மங்கும். அதோட சுபாவமே அப்படி. ஹாரனும் இண்டிகேட்டரும் ஐடில்ல ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாருங்க, அது ரெண்டும்தான் பேட்டரில ஓடும். 2017 ஏப்ரல்லருந்து புது டூவீலர் எல்லாத்துலயும் ஹெட்லைட் எப்பவும் எரியணும்னு வந்துச்சு, அந்த புது வண்டிகள பாத்துட்டு பழசோட ஒப்பிட வேணாம்.

கேள்வி: ஹேண்டில்பார்ல யுஎஸ்பி சார்ஜரோட சேர்ந்த வோல்ட் மீட்டர் மாட்டினேன். அதுல 13.4 காட்டுது, அதே நேரம் பேட்டரில மல்டிமீட்டர் வெச்சா 14.1. எத நம்புறது?
– வாசகர், வேலூர்

பதில்: பேட்டரில வெச்சத நம்புங்க. ஹேண்டில்பார் வரைக்கும் போற மெல்லிசான வயர், சாவி சுவிட்ச், ப்யூஸ் எல்லாம் ஆளுக்கு கொஞ்சம் எடுத்துக்குது, போன் சார்ஜ் ஏறும்போது இன்னும் கீழ போகும். ஆனா அந்த சின்ன டிஸ்ப்ளேவ கழட்டி போட்டுடாதீங்க, தெனம் 13.4 காட்டுறது ஒரு நாள் 12.7 காட்டுச்சுன்னா ஏதோ மாறிப்போச்சுன்னு நடுரோட்டுல நிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்களுக்கு தெரிஞ்சிடும். எனக்கு அது ரொம்ப புடிச்ச சாமான்.

கேள்வி: வால்பாறை, மேகமலைன்னு அடிக்கடி போவேன், மூடுபனிக்காக ரெண்டு எல்இடி ஃபாக் லைட் மாட்டியிருக்கேன், ஒவ்வொண்ணும் 20 வாட். லைட் எல்லாம் போட்டு ஐடில்ல 12.5, ஓடும்போது 13.7. காயில் தாங்குமா?
– வாசகர், சென்னை

பதில்: தாங்குது, 13.7 அதத்தான் சொல்லுது. வாட்ட 13ஆல வகுத்தா ஆம்பியர் வரும், உங்க 40 வாட்டுக்கு சுமார் 3 ஆம்பியர், அது பெரிய பாரம் இல்ல. ஐடில்ல 12.5ன்னா அந்த நேரம் வரவ விட செலவு கூட, பேட்டரி கைக்காச போட்டு சமாளிக்குதுன்னு அர்த்தம். மலைல வண்டிய ஓரமா போட்டுட்டு ஐடில்ல ஃபாக் லைட் எரியவிட்டு அரை மணி நேரம் பேசிக்கிட்டு நிக்காதீங்க, அவ்ளோதான். லைட்டுக்கு ரிலேயும் தனி ப்யூஸும் போட்டிருக்கீங்களா? ஹெட்லைட் வயர்லயே முடிச்சு போட்டு எடுத்திருந்தா முதல்ல அத மாத்துங்க.

இன்னொண்ணு, நெறைய பேர் லைட்ட அணைச்சா காயிலுக்கு ரெஸ்ட் கெடைக்கும்னு நெனக்கிறாங்க. நம்ம ஊர் பைக்குகள்ல ரொம்ப காலமா வர்ற ஷன்ட் டைப் ரெகுலேட்டர் கூடுதலா வர்ற கரண்ட்ட ஷார்ட் பண்ணித்தான் அடக்கும், அதனால காயில் எப்பவுமே முழு வேலைதான் செய்யும், லைட்ட அணைச்சா ஆர்ஆர் யூனிட்தான் இன்னும் சூடாகும். அந்த யூனிட்டுக்கு காத்து படுற மாதிரி வைங்க, அது மேல பேக், கவர், ஸ்டிக்கர் எதுவும் வேணாம், சேறு அப்பியிருந்தா கழுவி விடுங்க.

கேள்வி: எடை கம்மியா இருக்குன்னு லித்தியம் பேட்டரி மாட்டினா இதே நம்பர்தானா?
– வாசகர், ஓசூர்

பதில்: மாறும். பைக்குக்கு வர்ற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நின்ன வண்டிலயே 13.2, 13.3 காட்டும், 12.8க்கு வந்துட்டா அது கிட்டத்தட்ட காலி. மேல் எல்லை 14.6ன்னு வெச்சுக்குங்க. அதனால மாட்டுறதுக்கு முன்னாடி இப்ப இருக்குற பேட்டரிலயே 5000ல பாருங்க, 14.7, 14.8ன்னு தொடுற வண்டின்னா வேணாம்.

கேள்வி: என் பிஎஸ்6 பைக்ல கிக்கர் கெடையாது. பத்து நாள் ஊருக்கு போயிட்டு வந்தா செல்ப் டிக் டிக்னு மட்டும் சத்தம் போடுது, பக்கத்து வீட்டு பசங்க மூணு பேர் தள்ளியும் ஸ்டார்ட் ஆகல. வீட்ல கார் இருக்கு, அதுலருந்து கரண்ட் எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தள்ளுனா ஸ்டார்ட் ஆகலேங்கறதுலயே பேட்டரி எவ்ளோ காலின்னு தெரியுது, பெட்ரோல் பம்பும் ஈசியுவும் முழிக்கிறதுக்கே கொஞ்சம் வோல்ட் வேணும், அதுகூட இல்லேன்னா எத்தனை பேர் தள்ளினாலும் பிரயோஜனம் இல்ல.

கார்லருந்து எடுக்கலாம், ரெண்டும் 12 வோல்ட்தான். ஆனா கார் இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும், உங்க குட்டி பேட்டரிக்கு கார் பேட்டரி மட்டுமே தாராளம். சிவப்பு கேபிள் முதல்ல பைக் பிளஸ், அப்புறம் கார் பிளஸ். கருப்பு முதல்ல கார் மைனஸ், கடைசி முனைய பைக் பேட்டரில வைக்காம கொஞ்சம் தள்ளி பெயிண்ட் இல்லாத இன்ஜின் போல்ட்ல புடிங்க. ஸ்டார்ட் ஆனதும் கழட்டும்போது அப்படியே தலைகீழா, கருப்பு முதல்ல.

ஸ்டார்ட் ஆயிடுச்சேன்னு கடைக்கு போயிட்டு வந்து நிறுத்திடாதீங்க. 5 ஏஎச் பேட்டரி காலியா இருந்து, உங்க வண்டி லைட்டுக்கும் இன்ஜினுக்கும் போக மிச்சம் 2 ஆம்பியர் குடுக்குதுன்னே வெச்சுக்கிட்டாலும் நெறைய ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓட்டணும். அத விட பேட்டரிய கழட்டி கடைல சார்ஜ் போட குடுங்க, 0.5 ஆம்பியர்ல மெதுவா போட சொல்லுங்க, பேட்டரி ஏஎச்ல பத்துல ஒரு பங்குதான் கணக்கு, அவசரத்துக்கு 3, 4 ஆம்பியர் ஏத்துறேன்னு சொன்னா வேணாம்னுடுங்க. மாட்டினதும் அன்னைக்கு ராத்திரி ஒரு ரீடிங், மறுநாள் காலைல ஒரு ரீடிங். காலைல 12.6க்கு மேல நின்னு, 5000ல 14 வந்துச்சுன்னா உங்க பேட்டரியும் நல்லா இருக்கு சார்ஜிங்கும் நல்லா இருக்கு, அடுத்த தடவை ஊருக்கு போகும்போது மைனஸ் டெர்மினல கழட்டி வெச்சுட்டு போங்க போதும். காலைல 12.2க்கு எறங்கியிருந்தா, இன்னொரு தடவை முழு சார்ஜ் போட்டு, இந்த தடவை பேட்டரிய வண்டில மாட்டாம மேசை மேலயே ஒரு ராத்திரி வைங்க. மேசை மேலயும் எறங்குச்சுன்னா பேட்டரி போச்சு, மேசை மேல நின்னு வண்டில மட்டும் எறங்குதுன்னா திண்டுக்கல் வாசகருக்கு சொன்ன அந்த மில்லி ஆம்பியர் டெஸ்ட்ட நீங்களும் செய்யணும்.